இடிக்குரலன் ஆவதற்கு முன்

பிப்ரவரி 5, திங்கள்

ஸ்டெல்லா மேடம் இன்று தலைப்புகளைப் பிரித்துக் கொடுத்தார். காட்சித் தொடர்பியல் மூன்றாமாண்டு மாணவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் படத்தில் ஒரே ஓர் உணர்ச்சியை ஆராய்ந்து, மாதக் கடைசியில் வகுப்பு முன்னால் பேச வேண்டும். சிலருக்குப் பயம், சிலருக்குப் பொறாமை, சிலருக்குப் பழிவாங்கல். எனக்கும் பெனாசிருக்கும் வந்தது ‘இடிக்குரலன்’. உணர்ச்சி: அவமானம்.

வகுப்பில் பாதிப்பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மேடமும் பார்த்தார். பார்த்துவிட்டு அவசரமாக வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். அவர் வேண்டுமென்று கொடுத்திருக்க மாட்டார். அதுதான் எரிச்சல். வேண்டுமென்று கொடுத்திருந்தால் நேராகப் போய்ச் சண்டையாவது போடலாம்.

வீட்டுக்கு வந்து மாவுக்கு அரிசி ஊறப்போட்டேன். மாடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்தேன். அப்பாவின் சட்டையை மட்டும் மடிக்காமல் நாற்காலிமேல் போட்டேன்.

பிப்ரவரி 6

படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஊரே பார்த்துவிட்டது. இன்று பாளை பேருந்து நிலையத்தில் ஒருவன் தன் கூட்டாளியிடம், “எ-எ-எனக்கு ஒரு டீ” என்றான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். படத்தில் வரும் வசனமாம். கதாநாயகன் வேலன் முதல் பாதி முழுக்கத் திக்கித் திக்கிப் பேசுவானாம். அப்புறம் இடி விழுந்து, சுவரையே உடைக்கிற குரல் வந்துவிடுமாம்.

இந்த டைரியில் இத்தனை நாளும் ‘என் விஷயம்’, ‘அந்த விஷயம்’ என்றே எழுதி வந்திருக்கிறேன். யார் படிக்கப்போகிறார்கள் என்று இந்த ஒளிவு? எழுதிவிடுகிறேன். நான் திக்குவேன். ‘க’வில் தொடங்கும் சொல் வந்தால் தொண்டையில் கதவு விழும். என் பெயர் கோமதி.

பிப்ரவரி 8

பெனாசிர் நல்லவள். அதனால் அவளிடம் கோபப்பட முடியவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது.

கேன்டீனில் வைத்து, “கோமு, நீ எழுதிக் குடுத்துரு. நான் பேசிருதேன். ஒனக்கும் டென்ஷன் இல்ல பாரு” என்றாள்.

“அ-அது... எனக்கு...”

“தெரியும்டி, ஒனக்கு எழுதத்தான் பிடிக்கும்.”

நான் சொல்ல வந்தது அது இல்லை. என்ன சொல்ல வந்தேன் என்று அவள் கேட்கவும் இல்லை. நான் தொடங்குகிற வாக்கியங்களை ஊரில் யார் வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். பொதுக்குழாய் மாதிரி.

பிப்ரவரி 11, ஞாயிறு

படம் பார்த்தாயிற்று. அம்மா, அப்பா, நான். ‘பிள்ளைக்குப் பாடத்துக்கு வேணுமாம்’ என்று அம்மாதான் அப்பாவைக் கிளப்பினாள். மதியக் காட்சி.

வேலன் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். தன்னோடு வேலை செய்கிற பெண்ணிடம் காதலைச் சொல்லப் போகிறான். “நா-நா-நா...” என்று நிற்கிறான். பக்கத்து மேசைக்காரன், “நாய் கடிச்சிருச்சா?” என்கிறான். தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் இருக்கையை உதைத்து உதைத்துச் சிரித்தார். என் முதுகில்தான் உதை விழுந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். இடைவேளை வரை வரவில்லை. அம்மா என் காதருகே, “அப்பாவுக்குத் தல வலிக்காம்” என்றாள்.

எனக்குத் தெரியாதா? மகள் பக்கத்தில் இருக்கிறாள், யாராவது தெரிந்தவர் பார்த்து இவளையும் படத்தையும் முடிச்சுப்போட்டுவிடக் கூடாது. எப்போதும் இதுதான். எனக்கு ஐந்து வயதில் நாக்கில் வசம்பைத் தேய்க்க யாரோ ஒருவரிடம் கூட்டிப்போனது அப்பாதான். வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் படிக்கச் சொன்னதும் அவர்தான். பள்ளியில் ஒப்பிக்கும் நாள் வந்தால் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நிறுத்திவிடுவார். சொந்தக்காரர்களிடம், “அவ பேசமாட்டா, அமைதி” என்பார். நான் அமைதி இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

இடைவேளையில் அப்பா தின்பண்டக் கடையில் நின்றார். வழக்கம்போல எதையும் கேட்கவில்லை, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பப்ஸை விரலால் காட்டினார். வாயைத் திறந்து கேட்டால் மதிப்புக் குறைந்துபோகும் அவருக்கு. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். மேல்பதவி தேடி வந்தும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர். அந்தப் பதவியில் இருந்தால் விசாரணைக்கு வருகிற சனங்களிடம் நாள் முழுக்கப் பேச வேண்டுமாம். “வீம்பு பிடிச்ச மனுசன்” என்று அம்மா இப்போதும் சொல்வாள்.

நான் அந்தப் பப்ஸைத் தொடவில்லை.

பிப்ரவரி 12

படத்தின் நடுவில் ஒரு காட்சி. வேலனின் அப்பா தூங்குகிற குடோனில் தீப்பிடிக்கிறது. வேலன் வெளியே நிற்கிறான். “தீ” என்று கத்த வேண்டும். “தீ-தீ-தீ” என்று வாய் அடைத்து நிற்க, அப்பா எரிந்துபோகிறார். தியேட்டரில் அழுதார்கள். பத்து நிமிடத்துக்கு முன் அதே வாயைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான்.

இதைவிடப் பெரிய பொய் கிடையாது. கத்தும்போது திக்காது. பாட்டுப் பாடினால் திக்காது. வீட்டில் பாம்பு வந்தபோது தெருமுனை வரை கேட்கக் கத்தினேனே, ஓர் எழுத்தும் உடையவில்லை. இதெல்லாம் எடுத்தவர்களுக்குத் தெரியாது. திக்குகிற ஒரே ஓர் ஆளிடம் கேட்டிருந்தால் போதும். கேட்டால் பதில் வர நேரமாகும் என்று விட்டுவிட்டார்கள்போல.

படம் சொல்வது இதுதான்: உன் வாய் உன் அப்பனைக் கொன்றுவிட்டது. அதனால் வெட்கப்படு. வெட்கப்பட்டால் வானத்திலிருந்து இடி விழும், வாய் சரியாகும். சரியானால் அந்தப் பெண் உன்னைக் காதலிப்பாள்.

பிப்ரவரி 14

மேடத்தைப் பார்க்கப் போனோம். பெனாசிர்தான் எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பேசினாள்.

மேடம் சொன்னார்: “அவமானம்தான் நாயகனுக்கு எரிபொருள். அது இல்லேன்னா அவன் எழுந்திருக்கவே மாட்டான். இந்தக் கோணத்துல போங்க.”

நான் கையைத் தூக்கினேன். அவர் அறைதான், மூன்றே பேர்தான், இருந்தும் கையைத் தூக்கினேன். “மேடம், அ-அ-அவமானம் வேற, வெ-வெட்...”

“வெட்கம் வேறன்னு சொல்றியா? நல்ல பாயின்ட். எழுதிக்கோ.”

எழுதிக்கொள்கிறேன். அவமானம் என்பது ஒருவர் நமக்குச் செய்வது. செய்த ஆள் உண்டு, இடம் உண்டு, சாட்சி உண்டு. வெட்கம் அப்படி இல்லை. அவமானப்படுத்தியவர் போன பிறகும், அவர் வேலையை நாமே எடுத்துச் செய்துகொள்வது வெட்கம். படம் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது. சிரித்த பக்கத்து மேசைக்காரன் கடைசிவரை நல்லவனாகவே இருக்கிறான். நாயகனுக்கு மாலை போடுவதும் அவன்தான்.

வெளியே வந்ததும் மேடம் பெனாசிரை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். அவள் திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல், “நான் பேசுனா போதுமாம், ஒனக்கு மார்க் குறைக்கமாட்டாவளாம்” என்றாள்.

பிப்ரவரி 16

மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டே என் வாதத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மிக்சி ஓடும்போது திக்கவே இல்லை. நிறுத்தினால் திக்குகிறது. மிக்சியைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டா போக முடியும்?

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும்.

அப்பாவின் அக்கா ஆவுடையம்மாள் அத்தை. அத்தை மகள் மதிவதனிக்கு இன்று நிச்சயதாம்பூலம். அப்பாதான் தாய்மாமன். மண்டபத்தில் கூட்டம். தாம்பூலத் தட்டு மாற்றுமுன் நிச்சயப் பத்திரிகையை வாசிக்க வேண்டும். வழக்கமாக இப்படி ஏதாவது வந்தால் அப்பா, “தொண்ட கட்டியிருக்கு” என்று ஒதுங்கிவிடுவார். இன்றும் அதையே சொன்னார். ஆனால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் விடவில்லை. “தாய்மாமன் இருக்கையில வேற யாரு வாசிக்க? கட்டுன தொண்டையே போதும் அண்ணாச்சி” என்று தாளை அப்பா கையில் திணித்து, மைக்கையும் நீட்டினார்.

அப்பா எழுந்தார். தாளைப் பார்த்தார். “நி...” என்றார்.

அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை. தாளில் எழுத்துத் தெரியவில்லையோ என்று நினைத்தேன். அப்புறம் அவர் கண்களை இறுக மூடினார். தாடை இடதுபக்கமாக இழுத்துக்கொண்டது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்ப் புதைந்தது.

அது என் தாடை. அது என் கட்டைவிரல்.

“நி-நி-நி...” ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கும் தாள். பேச்சு என்றால் சொல்லை மாற்றிக்கொள்ளலாம். ‘கடை’ வராவிட்டால் ‘அங்கே’ என்று சொல்லித் தப்பலாம். எழுதி வைத்ததை வாசிக்கும்போது தப்பிக்க வழி கிடையாது. அது எனக்குத் தெரியும். எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மாப்பிள்ளையின் நண்பர்கள் பக்கமிருந்து ஒரு குரல்: “இடிக்குரலன்டோய்!”

சிரிப்பு. பெரிய சிரிப்புக்கூட இல்லை. நாலைந்து பேர்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அப்பா தாளை மடித்து, மைக்கை நாற்காலிமேல் வைத்தார். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே நடந்துவிட்டார். பந்தல்வரை பின்னாலேயே போன அத்தை, “தம்பி, தட்ட மாத்திட்டுப் போடே! சபையில என்ன இப்படி விட்டுட்டுப் போறியே” என்று கத்தினாள். அவர் திரும்பவில்லை.

அப்பாவின் செருப்பை நான்தான் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிப்ரவரி 19

அப்பா வேலைக்குப் போகவில்லை. நான் கல்லூரிக்குப் போகவில்லை. அம்மா மட்டும் பாத்திரங்களை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 20

அம்மாவிடம்தான் முதலில் கேட்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒ-ஒனக்குத் தெரியுமா?”

“கல்யாணமான புதுசுலயே தெரியும்” என்றாள், சோப்பை வைக்காமல். “யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாவ. ஒன்கிட்டயும்தான்.”

“எ-எங்கிட்டயுமா?”

“ஏட்டி, கத்தாத. அவிய படுத்திருக்காவ.”

சும்மா இருக்க முடியவில்லை. நேராக உள்ளே போனேன். அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் பேசத் தொடங்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு மோசமாகத் திக்கியதில்லை. ஒவ்வொரு சொல்லும் கல்லை உருட்டுவது போல வந்தது. நிறுத்தவில்லை.

“உ-உங்களுக்கும் இருக்கு. உ-உங்களுக்கு எல்லாம் தெ-தெரியும். தொ-தொண்டை அடைக்கறது எப்படின்னு தெரியும். தெ-தெரிஞ்சுக்கிட்டே எ-என் வாயில க-க-கல்லைப் போட்டீங்க. நான் ம-மட்டும்தான் உலகத்துல இப்படின்னு நெ-நெனச்சேன். இ-இத்தனை வருசம். நீ-நீங்க பக்கத்து ரூம்லதான் இருந்தீங்க!”

எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. அவர் குறுக்கே பேசவில்லை. நான் முடித்த பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

“நான் மறைச்சிட்டேன்லா. நீயும் மறைச்சிருவன்னு நெனச்சேன்.”

சுத்தமாகச் சொன்னார். ஓர் எழுத்துக்கூடத் திக்கவில்லை. எத்தனை சொற்களைத் தள்ளிவிட்டு, எத்தனை சொற்களைப் பொறுக்கி அந்த வாக்கியத்தைக் கட்டினார் என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. என்னிடம்கூடவா? இந்த அறையில்கூடவா?

“எ-எனக்கு மறைக்க வரல” என்றேன். “வ-வரவும் வேண்டாம்.”

கதவை அறைந்து சாத்தினேன். காலண்டர் ஆணியோடு விழுந்தது.

பிப்ரவரி 21

தியேட்டரில் அவர் எழுந்து போனது என்னைப் பார்த்து வெட்கப்பட்டு இல்லை. இது எனக்கு நிம்மதி தரும் என்று யாராவது நினைத்தால், அது தவறு.

பிப்ரவரி 23

ஆவுடையம்மாள் அத்தை ஆளனுப்பிச் சொல்லிவிட்டாளாம்: வைகாசியில் கல்யாணம். தாய்மாமன் சடங்கை ஒன்றுவிட்ட தம்பியை வைத்துச் செய்துகொள்வாளாம். அப்பா கேட்டுவிட்டு வரைபலகை முன்னால் போய் உட்கார்ந்தார். பேனாவைத் தொடவில்லை.

பெனாசிரிடம் சொல்லிவிட்டேன். நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து, “நா-நான்தான் பேசுவேன்” என்றேன்.

“கோமு, எல்லாரும் சிரிச்சா என்ன செய்வ? ஜெபராஜ் ஒருத்தன் போதும்...”

“பெ-பெனா. நான் ஒ-ஒண்ணு சொல்லணும். மு-முழுசாச் சொல்ற வரைக்கும் நீ பே-பேசக்கூடாது.”

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். சொன்னேன். என் வாக்கியங்களை அவள் முடிக்கும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று சொன்னேன். நேரமானது. அவளுக்கு இரண்டு தடவை உதடு துடித்தது, அடக்கிக்கொண்டாள். முடிவில் அழுதுவிட்டாள். “நான் ஒதவி பண்ணுதேன்னுல்லா நெனச்சேன்” என்றாள்.

நான் சமாதானம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 27, செவ்வாய்

மதியத்துக்கு முந்தைய வகுப்பு. பெனாசிர் படத்தின் காட்சிகளைத் திரையில் ஓட்டினாள். நான் மேடைக்குப் போனேன்.

முதலில் அலுவலகக் காட்சி. “நா-நா-நா...” வந்ததும் வகுப்பு சிரித்தது. பழக்கத்தில் வந்த சிரிப்பு. நான் கைகாட்ட, பெனாசிர் படத்தை நிறுத்தினாள்.

“எ-என் பேரு கோ-கோ-கோ...” நின்றது. கதவு விழுந்தது. கண்ணை மூடவில்லை. மூடக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

“கோமதி” என்றான் ஜெபராஜ், இரண்டாம் வரிசையிலிருந்து. உதவுகிற குரலில்தான் சொன்னான்.

“எ-என் பேரு எ-எனக்குத் தெரியும் ஜெபராஜ். நா-நானே சொல்லுதேன்.” சொன்னேன். அப்புறம் தொடர்ந்தேன்.

படத்தில் வேலன் திக்குகிறவனாக இருக்கும்வரை ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை என்றேன். அம்மா முடிக்கிறாள், முதலாளி முடிக்கிறார், பக்கத்து மேசைக்காரன் முடிக்கிறான். அந்தக் காதலிகூடக் கடிகாரத்தைப் பார்க்கிறாள். அவமானம் அவன் வாயில் இல்லை. காத்திருக்காத இத்தனை பேரிடம் இருக்கிறது. ஆனால் கேமரா அவர்கள் பக்கம் திரும்புவதே இல்லை, அவன் உதட்டைத்தான் நெருக்கத்தில் காட்டுகிறது. நாமும் அந்தக் கேமராவோடு சேர்ந்துதான் சிரித்தோம். தீப்பிடித்த காட்சி பொய் என்றேன். நம்பாத முகங்களைப் பார்த்ததும் ‘தீ!’ என்று கத்திக் காட்டினேன். ஒரே கத்தல், சுத்தமாக. பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார்கள்.

மணி அடித்தபோது பாதிதான் ஆகியிருந்தது. மேடம் எழுந்தார். “கோமதி, போதும்மா. மிச்சத்த எழுதிக் குடுத்துரு.”

“இ-இல்ல மேடம். எ-எழுதிக் குடுக்கமாட்டேன்.”

என் குரலில் இருந்த கோபம் எனக்கே கேட்டது. மேடத்துக்கும் கேட்டிருக்கும். சற்று நின்று பார்த்துவிட்டுக் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சிலர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். போகட்டும், பசி. மற்றவர்கள் இருந்தார்கள். எரிபொருள் விஷயத்தையும் சொன்னேன். “அ-அவமானம் யாரையும் ப-பறக்கவிடாது. எ-எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர அது ஒ-ஒரே நாற்காலியில வே-வேலைக்காலம் முழுக்க உ-உக்காத்தி வச்சிருக்கு.”

யார் என்று யாரும் கேட்கவில்லை.

பேசி முடித்தபோது கைதட்டல் ஒன்றும் பெரிதாக இல்லை. மேடம் மதிப்பெண் தாளைக் காட்டினார். நேரத்தை மீறியதற்குக் குறைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திக்குகிறவளுக்கு நேரத்தை மீறியதற்கு மதிப்பெண் குறைப்பு! “இ-இதப் பத்தி நாளைக்குப் பே-பேச வருவேன் மேடம்” என்றேன். “வா” என்றார். “நேரம் எடுத்துக்கிட்டு வா.”

பிப்ரவரி 28

மேடத்திடம் பேசினேன். மதிப்பெண் திரும்பி வந்தது. மதியம் சாப்பிடப் போன மற்ற ஆசிரியர்கள் திரும்பும்வரை பேசினேன்.

மார்ச் 3, ஞாயிறு

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்பாவோடு இன்னும் சரியான பேச்சு இல்லை. ‘சாப்பிடுங்க’, ‘வேணாம்’, அவ்வளவுதான்.

கூடத்தில் அப்பா கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். ஆவுடையம்மாள் அத்தையின் குரல் அடுப்படிவரை கேட்டது. அத்தைக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

“ஹலோ? யாரு? தம்பியா? ஹலோ?”

அப்பாவிடமிருந்து சத்தமே இல்லை. அத்தை, “ஒண்ணும் கேக்கல, லைன் சரியில்ல” என்று வைத்துவிட்டாள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, தான் பேசுவதற்காகக் கூடத்துக்கு ஓடினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் செய்தேன் என்று தெரியாது. எனக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை. சீக்கிரம் தீரும் என்றும் தோன்றவில்லை. கூழாங்கல்லின் உப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. ஆனாலும் பிடித்துக்கொண்டேன். அம்மா என்னை முறைத்தாள். கல்லில் தோசை கருகியது.

அப்பா மறுபடியும் எண்ணை அழுத்தினார்.

“ஹலோ? யாரு இது, சும்மா சும்மா...”

“அ-அ-அ...” அவர் கண்கள் இறுக மூடியிருந்தன. “அ-அக்கா. நா-நான்தான். வ-வச்சிராத. எனக்குக் கொ-கொஞ்சம் நேரமாகும். நான் சொ-சொல்லி முடிக்கணும்.”

அத்தை பதில் பேசவில்லை. வைக்கவும் இல்லை. அப்பா மூச்சை இழுத்து, அடுத்த சொல்லைத் தொடங்கினார்.